ஹிக்கரிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

என் பேரன் டிரம்ஸ் வகுப்புக்குப் போகிறான். ஒரு சனிக்கிழமை குச்சி இரண்டையும் என் மடியில் போட்டுவிட்டு, "தாத்தா, இதுல ஹிக்கரின்னு போட்டிருக்கே, அது கம்பெனி பேரா?" என்று கேட்டான். மரத்தின் பெயர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மரத்தின் பெயரையே பட்டப்பெயராக வாங்கிக்கொண்டு ஒரு ராணுவ ஆள் அமெரிக்காவில் ஜனாதிபதி வரைக்கும் போனார் என்று வாயை விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே பெங்களூரு அல்சூரில் எங்கள் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே ஏழு பிள்ளைகள் கதை கேட்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் தடவை சொதப்பினேன். "ஆண்ட்ரூ ஜாக்சன் 1767-ல் பிறந்தார்" என்று ஆரம்பித்து, "1829-ல் ஏழாவது ஜனாதிபதி ஆனார்" என்பதற்கு வருவதற்குள் இரண்டு பேர் பூனையைத் துரத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அதற்கப்புறம் வேறு வேறு பிள்ளைகளிடம் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எந்த இடத்தில் உட்காருகிறார்கள், எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று இப்போது தெரியும். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் 26 வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன், வாத்தியார் இல்லை. அதனால் இதைப் பாட முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நடையைப் பற்றி, நடந்து பழகியவன் சொல்கிற யோசனை.

முதலில் ஜாக்சனை மறந்துவிடுங்கள். பிள்ளைகளின் சொந்தப் பட்டப்பெயர்களைக் கேளுங்கள். எந்தக் கூட்டத்திலும் ஒரு குண்டு, ஒரு வாண்டு, ஒரு சோடாபுட்டி இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்றே கேள்வி: யார் வைத்தது, எப்போது, எதைப் பார்த்து வைத்தது? இந்த மூன்றும் அவர்கள் மனதில் ஏறிவிட்டால் மீதிக் கதை தானாக ஓடும்.

அவர்கள் சொல்ல வெட்கப்பட்டால் உங்களுடையதைச் சொல்லுங்கள். எனக்குப் பட்டாளத்தில் பெயர் 'உப்பு'. வடக்கே ஒரு முகாமில் லங்கர், அதாவது சமையல்கூட வேலை பார்த்தபோது, விடியற்காலை நாலு மணிக்கு, அரிக்கேன் வெளிச்சத்தில், நூறு பேருக்கான டீயில் சர்க்கரை மூட்டைக்குப் பதில் பக்கத்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். யார் வைத்தது? முதல் வாய் குடித்த நாயக். எப்போது? துப்பின உடனே. எதைப் பார்த்து? அதையும் சொல்ல வேண்டுமா! சுபேதார் ஆன பிறகும் என் முதுகுக்குப் பின்னால் 'உப்பு சாப்' தான்.

பெங்களூருப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் இரண்டு பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் படைக்கே 'தம்பி' என்று பெயர். 1780-ல் தொடங்கிய படை; தெற்கத்தி ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்ட சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, குடியரசு தின அணிவகுப்புக்குப் போகிறோமே, அந்த மானெக்‌ஷா மைதானம். ராணுவத் தளபதி சாம் மானெக்‌ஷாவுக்கு 'சாம் பகதூர்' என்று பெயர் வைத்தது ஒரு கூர்க்கா சிப்பாய். தன் பெயரில் இருந்த பகதூரில் பங்கு கொடுத்துவிட்டான். தலைவரின் பெயரை வைப்பது எப்போதும் கீழே இருப்பவன்தான் என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது ஜாக்சனுக்கு வாருங்கள். பிறப்பு, படிப்பு, வக்கீல் தொழில் எதுவும் வேண்டாம். நேராக 1812 டிசம்பர், நாஷ்வில் என்ற ஊர், கொல்லும் குளிர், ஏறக்குறைய 2,000 தொண்டர்கள். அந்த வருஷம் ஜூனில் அமெரிக்கா பிரிட்டன் மேல் போர் அறிவித்திருந்தது. தெற்கே நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தைக் காக்க வேண்டும் என்று டென்னசி மாநிலத்து ஆட்கள் ஜாக்சன் தலைமையில் கிளம்பினார்கள். முறையான பட்டாளம் இல்லை; வீட்டுத் துப்பாக்கியோடு வந்த விவசாயிகள். காலாட்கள் படகில் ஆறுகள் வழியாகவும் குதிரைக்காரர்கள் தரை வழியாகவும் போய், 1813 பிப்ரவரியில் நாட்செஸ் என்ற ஊரில் கூடாரம் அடித்தார்கள். இதையெல்லாம் இரண்டே நிமிஷத்தில் கடந்துவிடுங்கள். போருக்கான காரணத்தை விளக்கப் போனால் பூனை ஞாபகம் வந்துவிடும்.

நிற்க வேண்டிய இடம் கடிதம். பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து போர் அமைச்சர் எழுதியது, மார்ச்சில் வந்து சேர்ந்தது. விஷயம் சின்னதுதான்: படை இனி தேவையில்லை, கலைத்துவிடவும், அரசாங்கச் சாமான்களை அந்தப் பகுதித் தளபதியிடம் ஒப்படைக்கவும். இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். அப்புறம் மெதுவாக அதை அவிழ்த்துக் காட்டுங்கள். சம்பளம் இல்லை. ரேஷன் இல்லை. வண்டி இல்லை. மருந்து இல்லை. வீடு 700 கிலோமீட்டருக்கும் மேல். "நீயாக இருந்தால் என்ன செய்வே?" என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு வாண்டு, "அமைச்சருக்கு ஃபோன் போட்டுத் திட்டுவேன்" என்றான். ஜாக்சனும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார், கடிதத்தில். ஆட்களை அங்கேயே கலைத்துவிட மாட்டேன், கிளம்பிய ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்த்தான் கலைப்பேன் என்று முடிவெடுத்தார். செலவுக்குத் தன் சொந்தப் பொறுப்பில் கடன் எழுதினார். அரசாங்கம் பிற்பாடு அந்தப் பணத்தைக் கொடுத்தது. ஆனால் எழுதும்போது அது வரும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

அடுத்ததுக்குக் கொஞ்சம் சாமான் வேண்டும். 150 புளியங்கொட்டை, 11 காலித் தீப்பெட்டி. கொட்டையில் 56-க்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நோயாளிகள் 150 பேர். அதில் 56 பேருக்கு எழுந்து உட்காரக்கூட முடியாது. இருந்த வண்டி 11. பிள்ளைகளிடம் கொட்டையைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். பெட்டிக்கு ஐந்து வைத்தால் சுண்ணாம்புக் கொட்டையிலேயே ஒன்று வெளியே நிற்கும். சுண்ணாம்பு இல்லாதவை 94, தரையில் சிதறிக் கிடக்கும். "தாத்தா, இது பத்தாது" என்று யாராவது ஒருவர் கத்துவார்கள். கத்தும்வரை காத்திருங்கள்; நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அப்போது சொல்லுங்கள்: ஜாக்சனிடம் சொந்தக் குதிரை மூன்று இருந்தது. மூன்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மற்ற அதிகாரிகளின் குதிரைகளையும் கொடுக்கச் சொன்னார். தான் இறங்கி நடந்தார்.

தூரத்தை மைலில் சொல்லாதீர்கள், கிலோமீட்டரிலும் சொல்லாதீர்கள். அல்சூரிலிருந்து கிளம்பி ஓசூர், சேலம், மதுரை, நாகர்கோவில் எல்லாம் தாண்டிக் கன்னியாகுமரிக் கடலில் கால் நனைக்கும் வரை நடந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. அதுவும் இப்போதிருக்கும் நாலுவழிச் சாலை இல்லை. நாட்செஸ் தடம் என்பது பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான காட்டுப் பாதை. சதுப்பு, ஓடை, சேறு. அதை ஏறத்தாழ ஒரு மாதத்தில் கடந்தார்கள். அப்படியென்றால் தினமும் சுமார் 25 கிலோமீட்டர்.

இந்த 25-ல் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், மன்னிக்க வேண்டும். ரூட் மார்ச் என்ற பட்டாளத்து நெடுநடை போனவனுக்குத்தான் அந்த எண் காலில் உறைக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் வரும். மூன்றாம் நாள் அது உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி காலுறையைக் கழற்றுவது ஒரு தனி யுத்தம். நாலாம் நாள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. எனக்கு ஒரு மார்ச் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாங்கள் முதுகில் சாமான் மூட்டை கட்டி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். எங்களை நடத்திப் போக வேண்டியவர் ஜீப்பில் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போய், மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரமாகிவிட்டது என்றார். அவருக்கும் அன்றைக்கே ஒரு பெயர் வைத்தோம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சொல்லக்கூடியது இல்லை.

அதனால்தான் எனக்கு நாட்செஸ் தடத்தில் யார் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை. வண்டியில் நினைவில்லாமல் கிடந்த ஒரு நோயாளி கண் திறந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டதாகவும், பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஜாக்சன், வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய் என்று சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. மனுஷன் கெட்டி என்று முதலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹிக்கரி மாதிரி கெட்டி என்று இன்னொருவன். அப்புறம் 'மாதிரி' விழுந்து வெறும் ஹிக்கரி. கடைசியில் முன்னால் ஓர் 'ஓல்ட்' சேர்ந்து, ஓல்ட் ஹிக்கரி. பட்டப்பெயர் தேய்வது எல்லா ஊரிலும் இப்படித்தான்.

இப்போது டிரம்ஸ் குச்சியைக் கையில் கொடுங்கள். குச்சி கிடைக்காவிட்டால் பெரிய கடையில் பீக்கன் பருப்பு இருக்கும். அதுவும் ஹிக்கரி இனத்து மரத்தில் காய்ப்பதுதான். விலையைப் பார்த்தால் நான்கு பருப்புக்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள், நாலு போதும். ஹிக்கரியின் விசேஷம் கடினம் மட்டும் இல்லை. அடி வாங்கினால் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், சட்டென்று தெறித்து உடையாது. அதனால்தான் கோடரி, சுத்தியல், குந்தாலிக்கெல்லாம் அமெரிக்காவில் அதில் காம்பு போட்டார்கள். காட்டை வெட்டி வாழ்ந்த அந்த ஆட்களின் கையில் தினமும் இருந்த மரம். நம் ஊரில் ஒரு வண்டிக்காரரைக் கேட்டால் கருவேலத்தைச் சொல்வார். பிள்ளைகளிடம் குச்சியைக் கொடுத்துத் தரையில் தட்டச் சொல்லுங்கள், கை எரியாது. அதுதான் விளக்கம்.

'ஓல்ட்' என்பதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அப்போது அவருக்கு வயது 46 தான். 'கிழ ஹிக்கரி' என்று சொன்னால் திட்டுவது போல இருக்கிறது. பட்டாளத்தில் கமாண்டிங் ஆபீசரை நாங்கள் 'பெரிசு' என்போம், அந்தச் சாயல்தான் அதில் இருக்கிறது. ஆனால் மரமும் வர வேண்டும். கடைசியில் என் வீட்டுக்காரிதான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வைரம் பாஞ்ச கட்டைன்னு சொல்லிட்டுப் போங்களேன்." வயசும் மரமும் கெட்டியும் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு வைரம் என்றால் மோதிரம்தான் தெரியும்; அறுத்த மரத்துண்டு ஒன்றைக் காட்டி, நடுவில் கறுத்து இறுகியிருக்கும் பகுதிதான் வைரம் என்று காட்டிவிடுங்கள். மரக்கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

விவரமான பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால், வேறு கதை படித்தேன் என்று வரும். உண்டு. பிறகு நடந்த இன்னொரு படையெடுப்பில் ஜாக்சன் சளி பிடித்துக் கிடந்தபோது, ஆட்கள் ஹிக்கரிப் பட்டையை உரித்து அவர் மேல் கூரை மாதிரி போட்டார்களாம். காலையில் குடித்துவிட்டு வந்த ஒருவன் அதை உதைத்துத் தள்ளிவிட்டு, பட்டைக்குள்ளிருந்து வெளியே வா ஓல்ட் ஹிக்கரி என்று கூவினானாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், இரண்டு முறை சொல்லச் சொல்வார்கள். சொல்லுங்கள், தப்பில்லை. மூன்று கேள்வியையும் இதற்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு நடைக் கதைமேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் அதில் 2,000 சாட்சிகள் இருக்கிறார்கள்.

அவர் சின்ன வயதிலும் இப்படித்தானா என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பூட்ஸ் கதை இருக்கிறது. 1781-ல், 14 வயதில், பிரிட்டிஷ் படையிடம் சிறைப்பட்டார். ஓர் அதிகாரி தன் பூட்ஸைத் துடைக்கச் சொன்னான். மாட்டேன் என்றார். அவன் வாளை ஓங்கினான். கையிலும் தலையிலும் விழுந்த அந்த வெட்டுத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதே வருஷம் அண்ணனும் அம்மாவும் நோயில் இறந்து, யாருமற்ற பிள்ளையானார்.

ஜனாதிபதி ஆன கதைக்கு அதிக நேரம் வேண்டாம். 1815 ஜனவரி 8-ல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார். சமாதான உடன்படிக்கை இரண்டு வாரத்துக்கு முன்பே ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது, சேதிதான் வந்து சேரவில்லை. வெற்றியும் பட்டப்பெயரும் சேர்ந்து நாடு முழுக்கப் பரவின. 1828 தேர்தலில் அவருடைய ஆட்கள் ஊருக்கு ஊர் ஹிக்கரிக் கம்பம் நட்டார்கள். நம் கட்சிக் கொடிக்கம்பம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1835-ல் ஒருவன் அவரை நோக்கி இரண்டு துப்பாக்கியால் சுட முயன்று இரண்டும் வெடிக்காமல் போனபோது, 67 வயது ஜாக்சன் கைத்தடியோடு அவன்மேல் பாய்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண் பிள்ளைகள் எழுந்து நடித்துக் காட்டுவார்கள். கண்ணில் குச்சி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் இங்கே முடித்துவிடுவார்கள். நான் முடிப்பதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் அதே மூன்று கேள்வியோடு இன்னொரு பெயரையும் எடுப்பேன். கிரீக் என்ற பூர்வகுடி மக்கள் ஜாக்சனுக்கு வைத்த பெயர் 'கூர்க்கத்தி'. யார் வைத்தது? அவரிடம் தோற்று, 1814-ல் கோடிக்கணக்கான ஏக்கரில் பாதிக்கும் மேல் இழந்த சமூகம். எதைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்தப் போரில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் ஜாக்சன் பக்கம் நின்று ஆற்றை நீந்திக் கடந்து சண்டை போட்டார்கள். 1830-ல் அதே ஜாக்சன் ஜனாதிபதியாக இருந்து, கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் பதவி முடிந்த பிறகு, 1838-ல், பட்டாளம் சுமார் 16,000 செரோக்கி மக்களை வீட்டிலிருந்து கிளப்பியது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கு. அதுவும் நடைதான். அதில் யாரும் குதிரையை விட்டு இறங்கிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருடைய தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்தவர்கள் நூறுக்கும் மேல்; அவர்கள் அவரை எந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, கேள்வியே போதுமானதாக இருந்தது.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக் காம்பு" என்றாள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி. காம்பு மரம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். "அது சொந்தக் குலத்தைக் கெடுக்கிறவனுக்குச் சொல்றது, செரோக்கி அவர் குலம் இல்லையே" என்றேன். "கூட நின்னு சண்டை போட்டவன் குலம் இல்லாம வேற யாரு? பட்டாளத்துல இருந்தவர்தானே நீங்க?" என்றாள். அதற்கப்புறம் இந்த இடத்தை நான் சொல்வதில்லை. அவளைத்தான் சொல்லச் சொல்கிறேன்.

மொத்தம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். முடிந்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுங்கள். உட்கார வைத்துக் கேள்வித்தாள் கொடுத்தால் கதை செத்துவிடும். நாங்கள் ஏரிக்கரை நடைபாதையில் ஒரு சுற்று நடப்போம். ஒரு விதி வைத்திருக்கிறேன்: யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம், ஆனால் அவர் செய்த ஒன்றை நேரில் பார்த்திருக்க வேண்டும். உடம்பு, நிறம், ஊர், மொழி பற்றிய பெயர் கூடாது. சோடாபுட்டி அன்றோடு ஒழிந்தது.

போன முறை, சைக்கிளில் வந்த ஒன்பது வயதுப் பெண் ஒன்று பாதி வழியில் இறங்கி, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த வாண்டை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தாள். கதையில் வருவது போலத் தனக்கும் ஒரு மரத்தின் பெயர் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். தேக்கு, சந்தனம் என்று சில யோசனைகளை அவளே எடுத்தும் கொடுத்தாள். மற்றவர்கள் கூடிப் பேசி அவளுக்கு 'ஆம்புலன்ஸ்' என்று வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படிக்குக் கீழே அவள் வரைந்திருந்த நொண்டிக் கட்டத்தின் ஓரத்தில், சாக்பீஸில், கொட்டை எழுத்தில் அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாள். ஒற்று மட்டும் ஒன்று விட்டுப்போயிருந்தது, திருத்தவில்லை.